டீத்தூளுக்கு ஒரு தராசு: 0.1 கிராம் பாக்கெட் தராசு வாங்கலாமா?

அதே பாக்கெட், அதே பால், அதே போசி. காலையில் போட்ட டீ மணமாக இருந்தது. பொழுதோட போட்டது நாக்கைப் பிடித்து இழுக்கிறது. பழி டீத்தூள் மேல் விழும், இல்லையென்றால் பால்காரர் மேல். பெரும்பாலும் குற்றவாளி டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் ஸ்பூன்தான்.

5 மி.லி. அளவு ஸ்பூனில் தலை தட்டி எடுத்தால் டஸ்ட், அதாவது பொடித் தூள் ரகம், 2 முதல் 2.4 கிராம் வரும். அதையே குவித்து அள்ளினால் 4 கிராமைத் தொடும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும், குருணை மாதிரி இருக்கும் சி.டி.சி. இலை ரகத்தில் தலை தட்டிய ஸ்பூன் 2 கிராமுக்குச் சற்றுக் கீழே. முறுக்கிய முழு இலை, அதாவது ஆர்த்தடாக்ஸ், 1 கிராமைத் தாண்டினாலே அதிகம். ஆக, "டம்ளருக்கு ஒரு ஸ்பூன்" என்ற ஒரே வாக்கியம் 1 கிராமையும் குறிக்கும், 4 கிராமையும் குறிக்கும். இத்தனைக்கும் இது கடையில் அளவுக்கென்றே விற்கும் ஸ்பூன். வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் கல்யாணச் சீரில் வந்தது ஒரு அளவு, பாத்திரக்கடையில் வாங்கியது ஒரு அளவு.

இதைத் தீர்க்கத்தான் உள்ளங்கை அகலப் பாக்கெட் தராசு. 500 கிராம் வரை தாங்கும், 0.1 கிராம் வரை காட்டும், இரண்டு சின்ன பென்சில் செல்லில் ஓடும். ஆன்லைனிலும் கிடைக்கும், கோவை டவுன்ஹால் சுற்றுவட்டாரத்தில் தராசு விற்கும் கடைகளிலும் கிடைக்கும். 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பல பெயர்களில் வந்தாலும் உள்ளே இருக்கிற சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இங்கே பிராண்டைப் பார்க்கவில்லை. இந்த வகைத் தராசு டீக்கு எவ்வளவு தூரம் உதவும், எங்கே காலை வாரும் என்பதுதான் பேச்சு.

முதலில் ஒரு எச்சரிக்கை. மாவு, சர்க்கரை நிறுக்க வாங்கிய 10 கிலோ சமையலறைத் தராசு வீட்டில் இருக்கிறதே, அது போதாதா என்றால், போதாது. அது 1 கிராம் கணக்கில்தான் நகரும். 1.6 கிராமையும் 2 என்று காட்டும், 2.4-ஐயும் 2 என்று காட்டும். போதாததற்கு அதில் இன்னொரு குணம் உண்டு: பூஜ்யத்தில் நிற்கும்போது மெதுவாக விழுகிற சிறு எடையைத் தன்னுடைய பிழை என்று நினைத்து அப்படியே விழுங்கிவிடும். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் 3 கிராம் விழுந்த பிறகும் 0 என்றே நிற்கும். 0.1 கிராம் தராசிலும் இந்த வியாதி லேசாக உண்டு, ஆனால் வைத்தியம் சுலபம். டீத்தூள் டப்பாவையே தராசில் தூக்கி வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, டப்பாவிலிருந்து ஸ்பூனால் எடுக்க வேண்டும். தராசு −2.5 என்று காட்டினால் ஸ்பூனில் இருப்பது 2.5 கிராம். தூவித் தூவிப் பார்க்கும் வேலையே இல்லை, தனிக் கிண்ணம் கழுவும் வேலையும் மிச்சம். டப்பாவும் தூளும் சேர்ந்து 500 கிராமைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் திரையில் எண்ணுக்குப் பதில் எழுத்து வரும், அடிக்கடி தாண்டினால் உள்ளே எடையை உணரும் பாகமான லோடு செல் வளைந்து தராசே போய்விடும்.

வாங்கியதும் சரிபார்க்கத் தனிப் படிக்கல் வேண்டியதில்லை. 2011-ல் ரூபாய்க் குறியீட்டோடு வந்த மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் 6 கிராம். தேயாத நாணயமாக ஐந்து வைத்தால் 30.0 காட்ட வேண்டும். 29.8 முதல் 30.2 வரை இருந்தால் டீக்குத் தாராளம். 2019-ல் வந்த புது வரிசை 5 ரூபாய் 6.74 கிராம் என்பதால் இரண்டையும் ஒட்டுக்கா கலந்து வைத்துவிட்டுத் தராசைத் திட்டக் கூடாது.

குறைகள் இருக்கின்றன. மேலே ஃபேன் சுற்றினால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு எதையும் மேலே வைத்தால் எண் தானாக நகர ஆரம்பிக்கும், அந்தச் சூடு லோடு செல்லுக்கு ஆகாது. பெரும்பாலான தராசுகள் ஒரு நிமிடத்தில் தாமாக அணைந்துவிடும், நிறுத்தது மறந்துபோகும். எல்லாவற்றையும் விட எரிச்சலானது அந்த 'மோட்' பட்டன். நகைப் பட்டறைக்கும் சேர்த்தே செய்த சாமான் என்பதால் கை தவறிப் பட்டால் ரத்தினக் கல் நிறுக்கும் கேரட் அளவுக்கு மாறிவிடும். 2 கிராம் தூள் 10 என்று காட்டும். திரையின் ஓரத்தில் கிராம் எழுத்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுப்பது நல்லது. கடப்பா கல் மேடை சமமாக இல்லையென்றால் அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்துச் சமன் செய்துகொள்ளலாம்.

சரி, எத்தனை கிராம் போடுவது?

ருசி பார்ப்பவர்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது: 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். இது குடிக்கச் சொன்ன அளவு இல்லை. தூளின் குற்றம் குறை எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த அளவு. இதை எங்கோ படித்துவிட்டு வீட்டில் போட்டுப் பார்த்து, "நீலகிரி டீ இவ்வளவு கசக்குமா" என்று கேட்பவர்கள் உண்டு. 6 நிமிடம் ஊறினால் எந்த டீயும் அப்படித்தான்.

நம் ஊர்ப் பால் டீக்கு வருவோம். 120 மி.லி. டம்ளர் இரண்டுக்கு: தண்ணீர் 150 மி.லி., காய்ச்சிய பால் 130 மி.லி., டஸ்ட் 5 கிராம், சர்க்கரை 10 கிராம். கூட்டினால் 280 வருகிறதே, டம்ளர் 240 தானே என்றால், கொதியில் சுமார் 25 மி.லி. ஆவியாகும், 5 கிராம் தூள் தன் எடையைப் போல மூன்று மடங்கு நீரைக் குடித்துக்கொண்டு வடிகட்டியிலேயே நிற்கும். வாய் அகன்ற போசி என்றால் இன்னும் 10 மி.லி. கூடுதலாகத் தண்ணீர் வைக்க வேண்டும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தூள். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு ஏற்றினால் கொதி வருவதற்குள்ளேயே தூள் நான்கைந்து நிமிடம் ஊறிவிடும், நேரக் கணக்கே தப்பிப்போகும். தூள் போட்டதும் தீயைக் குறைத்து 2 நிமிடம். டஸ்ட் துகள் அவ்வளவு பொடி, நீர் படும் பரப்பு அவ்வளவு அதிகம்; 2 நிமிடத்தில் சாயமும் சத்தும் இறங்கிவிடும். அதற்கு மேல் கொதிப்பதில் இறங்குவது துவர்ப்பு, பறப்பது மணம். பிறகு பால். நுரை கட்டி மேலே வரும்போது ஒரு தடவை, ஒரே தடவை, பொங்கவிட்டு அணைத்து, மூடி 1 நிமிடம் வைத்து வடிக்கலாம். குருணை ரகமென்றால் 2 நிமிடத்தை 4 ஆக்க வேண்டும், எடை அதே 5 கிராம். "இலை டீ லைட்டாக இருக்கிறது" என்ற புகாரில் பாதி, ரகம் மாறியும் நேரத்தை மாற்றாததால் வருவது.

ஸ்ட்ராங் வேண்டுமென்றால் கிராமைக் கூட்ட வேண்டும், நிமிடத்தைக் கூட்டக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. 5 கிராமை 6 ஆக்கி அதே 2 நிமிடத்தில் இறக்கினால் திடமாக இருக்கும். 5 கிராமை 6 நிமிடம் கொதிக்கவிட்டால் கடுப்பாக மட்டும்தான் இருக்கும். பால் அந்தத் துவர்ப்பைக் கொஞ்சம் மூடும், ஏனென்றால் பாலின் கேசின் புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அதிகமாகக் கொதித்த டீயைத் தாங்கக் கூடுதல் பால், அதைத் தாங்கக் கூடுதல் சர்க்கரை என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

3 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் நீலப் பாக்கெட்டுக்கு மேலே சொன்ன அளவு பொருந்தும். 6 சதவீத ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் பாலை 110 ஆக்கித் தண்ணீரை 170 ஆக்கினால் போதும், இல்லையென்றால் டீ பாயசமாட்டம் ஆகிவிடும்.

இஞ்சி போடுகிறவர்கள் 5 கிராம் நசுக்கித் தண்ணீரோடு முதலிலேயே போட்டு 2 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. பாலில் நேராகத் தட்டிப் போட்டால் திரிவது அதனால்தான். கொதியில் அது செயலிழந்துவிடும். நாட்டுச்சர்க்கரைக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். கவுந்தப்பாடிச் சர்க்கரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் போட்டால் திரிய வாய்ப்பு அதிகம். டம்ளரில் 6 கிராம் போட்டு, வடித்த டீயை அதன் மேல் ஊற்றி ஆற்றினால் பிரச்சினை வராது.

ஒறம்பரை வந்து 12 பேருக்கு ஒட்டுக்கா டீ வைக்கும்போது 5 கிராமை அப்படியே ஆறால் பெருக்கி 30 போடக் கூடாது. பெரிய போசியில் ஆவியாகும் பங்கு குறைவு, கொதி வந்து இறக்குவதற்குள் நேரமும் அதிகம் பிடிக்கும். தண்ணீர் 900, பால் 700, தூள் 27 கிராம், 120 மி.லி. வீதம் 12 டம்ளர் கணக்காக வரும். இந்த மாதிரி நாளில் தராசு நன்றாகவே கைகொடுக்கிறது. கண்ணால் பார்த்துப் போட்டால் 27-க்குப் பதில் 45 கிராம் விழுந்திருக்கும்.

பேக்கரி டீ வேறு ஜாதி. கோவை, திருப்பூர்ப் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதான்; அங்கே தூளும் பாலும் சேர்ந்து கொதிப்பதில்லை. துணிப் பையில் தூள், அதன் மேல் பாய்லர் சுடுதண்ணீர், தனியாக டிக்காஷன், தனியாகப் பால், டம்ளரில் சேர்த்து ஆற்றுவது. வீட்டில் அதைச் செய்ய 10 கிராம் டஸ்டுக்கு 200 மி.லி. கொதிநீர்; துணி வடிகட்டியில் ஊற்றி, இறங்கியதை இன்னொரு தடவை அதே தூள் மேல் ஊற்றினால் போதும். டிக்காஷன் கிட்டத்தட்ட 170 மி.லி. தேறும், மூன்று டீக்கு ஆகும். மூன்றாவது தடவை ஊற்றினால் கறுப்பு கூடும், ருசி கூடாது. புதுத் துணியைக் கஞ்சி போக இரண்டு முறை கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், சோப்பு படவே கூடாது. துணி சோப்பு வாசனையை விடாது.

இனி ஆர்த்தடாக்ஸ். தராசு நிஜமாகவே விலையை மீட்டுத் தருவது இங்கேதான், ஏனென்றால் முறுக்கிய இலை ஸ்பூனில் ஒழுங்காக உட்காராது. ஒரு தடவை 0.8, அடுத்த தடவை 1.5. விலையும் டஸ்டைப் போலப் பல மடங்கு. நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்கு 2008 முதல் புவிசார் குறியீடு உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்தது மணத்தில் தனி. பால் வேண்டாம். 150 மி.லி. நீருக்கு 2 கிராம், மூடி வைத்து 3 நிமிடம், கறுத்த பெரிய இலை என்றால் 4.

குன்னூரில் குடித்த அதே டீ வீட்டில் துவர்க்கிறது என்று சொல்வார்கள். இலையை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியில் கொதித்துவிடும். 400 மீட்டர் சொச்சத்தில் இருக்கும் கோவையில் 98 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். இந்த 4, 5 டிகிரி மென்மையான பனிக்கால இலைக்குப் பெரிய வித்தியாசம். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஊற்றினால் மலையின் சூட்டுக்கு இறங்கிவிடும்.

இதற்கு வடிகட்டி வாங்குபவர்கள் சங்கிலி போட்ட உருண்டை வடிகட்டியை விட்டுவிடலாம். இலை ஊறினால் மூன்று நான்கு மடங்கு உப்பும். உருண்டைக்குள் அது பிதுங்கி நிற்கும், நடுவில் தண்ணீரே போகாது. 2 கிராம் போட்டு 1 கிராம் ருசிதான் வரும். டம்ளர் விளிம்பில் உட்காரும் ஆழமான கூடை வடிகட்டி சரியானது. அதில் டஸ்ட் போட்டால் மட்டும் பாதி கீழே இறங்கிவிடும். எவர்சில்வர் வடிகட்டியில் பழுப்புப் படலம் அடைத்துக்கொண்டால் ஒரு ஸ்பூன் சோடா உப்புப் போட்ட சுடுதண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் கழன்றுவிடும், கம்பி நாரால் தேய்த்து வலையைக் கிழிக்க வேண்டாம்.

எத்தனை துல்லியமாக நிறுத்தாலும் தண்ணீர் கெடுத்தால் கெடுத்ததுதான். சிறுவாணித் தண்ணீர் வரும் வீதிக்கும் போர்வெல் ஓடும் வீதிக்கும் ஒரே தூள் இரண்டு டீ. உப்புத் தண்ணீரில் போட்ட பால் இல்லாத டீ ஆறும்போது மேலே பளபளவென்று ஒரு ஏடு கட்டும், டம்ளரைச் சாய்த்தால் கண்ணாடி உடைந்த மாதிரி விரியும். அது எண்ணெயும் இல்லை, கலப்படமும் இல்லை. நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் சாயப் பொருளோடு காற்றில் சேர்ந்து கட்டுவது. நிறம் மங்கும், உயிர்ப்பு போகும். அதை ஈடுகட்டக் கூடுதல் தூள் போடுவது வீண் செலவு. குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் டீக்கும் அதையே வைக்கலாம். அது சப்பென்று இருந்தால் கால் பங்கு குழாய்த் தண்ணீர் கலந்து பார்க்க வேண்டும்.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையிலும் குன்னூரிலும் நடக்கும் தேயிலை ஏலத்தில் இலை, டஸ்ட் இரண்டையும் தனித்தனிச் சரக்காகவே பிரித்து விற்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் வாங்குவது டஸ்ட். ரேஷன் கடையில் வரும் ஊட்டி டீயும் அந்த ஜாதிதான். லூசாக வாங்கினால் ஈர வடிதாளில் கொஞ்சம் தூவிப் பார்க்கலாம். தூவிய உடனே பளிச்சென்று கறை இறங்கினால் சாயம் ஏற்றியது. காந்தத்தை ஓட்டினால் ஒட்டுவது இரும்புத் துகள், அரைக்கும் உருளைப் பல் தேய்மானத்தில் வருவது. ஓரிரு பொட்டு என்றால் பயப்பட வேண்டாம், காந்தம் முழுக்க மீசை முளைத்தால் கடையை மாற்றலாம். இன்னொன்று: டப்பாவை எடுத்து எடுத்து வைக்கிற ஆட்டத்தில் பொடித் துகள் அடியில் தங்கிவிடும். மாதக் கடைசியில் டீ திடீரென்று கடுப்பதற்கு அதுதான் காரணம். வாரம் ஒரு முறை டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் கலந்துகொள்ளும். அடுப்பு மேடையிலும், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்திலும் டீத்தூளை வைக்கக் கூடாது, ஈரத்தையும் வாசனையையும் அப்படி இழுக்கும்.

பணக் கணக்கு எளிது. 250 கிராம் பாக்கெட் டம்ளருக்கு 2.5 கிராம் வீதம் 100 டீ. குவித்த ஸ்பூனில் போட்டால் 65, 70-க்கு மேல் வராது. நான்கு பேர் இரு வேளை குடிக்கும் வீட்டில் தராசின் விலை சில மாதத்தில் திரும்பிவிடும்.

அப்படியானால் தினமும் தராசை எடுத்து வைத்துக்கொண்டு நிறுக்க வேண்டுமா? ஆர்த்தடாக்ஸ் குடிப்பவர்கள் ஆமாம், ஒவ்வொரு தடவையும். டஸ்டில் பால் டீ போடுகிற வீடுகளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. புதுப் பாக்கெட் உடைக்கிற அன்று, டப்பாவில் கிடக்கும் அதே ஸ்பூனால் தலை தட்டி ஐந்து தடவை எடுத்து ஒட்டுக்கா நிறுத்து, ஐந்தால் வகுத்து, "தலை தட்டி 2.2" என்று டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த பாக்கெட் வரை தராசின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடலாம்.